இருபதாம் நாள் முட்டை

கறுப்புத் திரையில் ஒரே வரி: 'நோ பூட்டபிள் டிவைஸ்', கிளம்புவதற்கு உள்ளே எதுவும் இல்லையாம். எத்தனை தடவை ஆன் பண்ணினாலும் அதேதான்.

பொரிப்பு மெஷினுக்குள்ளே நாற்பதாயிரம் முட்டைகள், இருபதாம் நாள். விடிந்தால் குஞ்சு. சூட்டையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்கிற இந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்காவிட்டால் அத்தனையும் கூமுட்டை.

வெண்ணந்தூர்ப் பக்கம் குஞ்சு பொரிப்பகம் வைத்துப் பதினோரு வருஷம், இப்படி ஒரு நாள் வந்ததில்லை. வேலைக்கு இருக்கும் அங்கம்மாள் தெர்மாமீட்டரோடு நின்று, சூடு அரை டிகிரி அரை டிகிரியாக இறங்குவதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கம்ப்யூட்டரைக் கிளப்புகிற புரோகிராம் இருக்கிற பென்டிரைவ் கெடவில்லை. மகளுடைய லேப்டாப்பில் சொருகினால் சமர்த்தாகக் கிளம்பியது. இந்த மெஷினில் மட்டும் ம்ஹூம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நர்மதா என்று ஒரு பெண், போனிலேயே சரிசெய்வாள் என்று நம்பர் கொடுத்தார்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். படம் வேண்டாம், வாய்விட்டுப் படியுங்கள் என்றாள்.

எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. அனுப்பின படத்தைப் பார்க்கக்கூட நோகுதா என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. ஆன் பண்ணும்போது பீப் ஒன்றா இரண்டா என்றாள். எஃப்2 அழுத்தி செட்டிங்ஸ் உள்ளே போகச் சொல்லி, என்ன தேதி காட்டுகிறது என்றாள். இரண்டாயிரத்துப் பதினான்கு, ஜனவரி ஒன்று என்று படித்தேன்.

"ஆயுத பூஜைக்குத் தொடைக்கறேன்னு ஒயரைக் கழட்டுனீங்களாங்கண்ணா?"

தூக்கிவாரிப் போட்டது. காலையில் கழற்றித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, பத்தே நிமிஷத்தில் மாட்டியும்விட்டேன். இவளுக்கு எப்படித் தெரியும்?

தேதி பின்னுக்குப் போனதை வைத்துக் கண்டுபிடித்தாளாம்: உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருக்கிறது. கரண்ட் இருந்தவரை சமாளித்திருக்கிறது. ஒயரைப் பிடுங்கியதும் சொல்லி வைத்ததெல்லாம் மறந்து, பழைய முறைப்படி கிளம்பப் பார்க்கிறது. பென்டிரைவோ புது முறைக்கு எழுதியது. ஆள் முன்வாசலில் நிற்க, இது புறக்கடையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

வலது அம்பு மூன்று தடவை, கீழே இரண்டு, என்டர். லெகஸி என்கிற பழைய முறையை யுஇஎஃப்ஐ என்கிற புது முறையாக்கி, எஃப்10 அழுத்திச் சேமிக்கச் சொன்னாள். ஒரு தட்டு தப்பவில்லை. அந்த மெனு முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

ஒற்றை பீப். எங்கள் புரோகிராம் வந்தது. ஹீட்டர் உறுமியது. அங்கம்மாள் தெர்மாமீட்டரையே கும்பிட்டாள்.

கில்லாடி. சத்தியமாகச் சொல்கிறேன், நேரில் வந்து மணிக்கணக்காக முறைத்துப் பார்க்கிறவர்களுக்குக்கூட இது பிடிபட்டிருக்காது.

மறுநாள் காலை ட்ரே ட்ரேயாக மஞ்சள் குஞ்சுகள். முதல் படம் அவளுக்குத்தான் அனுப்பினேன். குரலில் பதில் வந்தது.

"ரொம்பச் சந்தோசங்கண்ணா. எனக்குக் கண்ணு தெரியாதுங்க. குஞ்சு கத்தறதை அனுப்பறீங்களா?"

நேற்று அவளிடம் நான் கத்தியது காதில் விழுந்தது.

போனை ட்ரேக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டேன். கை வலிக்கும்வரை எடுக்கவில்லை.