பியூலாவின் நிறம்

மீசைக்கு அடிக்கும் கறுப்பு மையை எடுத்து, பியூலாவின் முதுகில் கழுத்திலிருந்து கீழ்வரை பூசிக்கொண்டிருந்தான் ஆர்வில். "அசையாதடி என் தங்கம், இன்னும் கொஞ்சம்தான்" என்று கெஞ்சினான். வேனின் கண்ணாடிகளைக் கோட்டாலும் சட்டையாலும் மறைத்திருந்தான். யாராவது எட்டிப் பார்த்தால் மானம் போய்விடும்.

பியூலா ஒரு கம்பளிப்புழு. சுண்டுவிரல் நீளம், பதின்மூன்று வளையம், உடம்பெல்லாம் முடி.

டாபின்ஸ் கேப் என்ற அந்த மலையூரில் வருஷாவருஷம் அக்டோபர் மாதம் மூன்றாம் சனிக்கிழமை புழுப் பந்தயம். கயிற்றில் ஏறி முதலில் உச்சியைத் தொடும் புழு என்ன நிறமோ, அதுதான் அந்த வருஷத்துக் குளிர். கறுப்பென்றால் பனி கொட்டும். பழுப்பென்றால் லேசாகத் தூவிவிட்டுப் போய்விடும். வானிலை அறிக்கையை ஒரு பொருட்டாகவே மதிக்காதவர்கள்கூடப் புழு சொன்னால் தலையாட்டுவார்கள்.

ஆர்வில் நடத்துவது சறுக்குமேடு. ரப்பர் வளையத்தில் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து பனியில் வழுக்கிக்கொண்டு வரலாம். போன வருஷம் ஜெயித்தது பழுப்புப் புழு. பனி என்னவோ இடுப்பளவு கொட்டியது. ஆனால் புழுவின் பேச்சை நம்பி ஒரு குடும்பம்கூட மலையேறி வரவில்லை. இந்த வருஷமும் அப்படியே ஆனால் மேட்டை இழுத்து மூட வேண்டியதுதான்.

இந்த நிலைமையில் அவன் மனைவி வெல்மா பிடித்து வந்த புழு, தலையிலிருந்து வால்வரை பழுப்பு. முந்தின நாள் சாயங்காலம் விறகுக் குவியலுக்கடியில் கிடைத்ததாம். காலையில்தான் ஜாடியோடு அவனிடம் நீட்டினாள். அவள் விரல் நுனியெல்லாம் பழுப்பாக இருந்தது.

"கையில என்ன?"

"வால்நட் உரிச்சேன்."

ஆர்வில் தன் கையைப் பார்த்துக்கொண்டான். மூன்று வாரத்துக்கு முன்னால் வால்நட் உரித்த கறை இன்னும் போன பாடில்லை.

"குளிர் லேசா இருந்தா கடலுக்குப் போலாம்ல?" என்று கேட்டாள் வெல்மா. பத்து வருஷமாக ஒவ்வொரு அக்டோபரிலும் கேட்பதுதான்.

"மேட்ட மூடிட்டா மறுநாளே கெளம்பிடலாம்" என்றான். பத்து வருஷமாகச் சொல்லும் பதிலும் அதுதான்.

வேறு புழு தேடலாமென்று பார்த்தான். ஆனால் வெள்ளோட்டத்துக்கு வாசலில் ஒரு கயிறு கட்டி விட்டபோது, பியூலா ஏறிய வேகத்தில் அவனுக்குப் புல்லரித்துவிட்டது. இப்படியொரு புழு ஆயுசுக்கு ஒரு தடவைதான் வாய்க்கும். இறக்கினால் ஜெயிப்பாள், ஜெயித்தால் பிழைப்பு போகும். மண்டையைப் பிய்த்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றவனுக்கு அப்போதுதான் தன் மீசை கண்ணில் பட்டது.

மத்தியானம் மேடையைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. வெல்மா முன்வரிசையில் உட்கார்ந்து, ஆப்பிள் டோனட் தின்ற விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தாள். விரல்கள் பளிச்சென்று இருந்தன. ஆர்வில் பியூலாவைக் கயிற்றில் விட்டான். கறுகறுவென்றிருந்த புழுவைப் பார்த்ததும் வெல்மாவின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது. காட்டிக்கொடுத்துவிடாதே என்று ஆர்வில் கண்ணடித்தான்.

புழுவைத் தொடக்கூடாது, கத்தலாம், கைதட்டலாம், கீழேயிருந்து ஊதலாம். ஆர்வில் கன்னம் இற்றுப்போகிற மாதிரி ஊதினான். பக்கத்துக் கயிற்றில் ஊர்ப் பல்வைத்தியர் தன் புழுவுக்குப் பாட்டுப் பாடினார். அது பாதி வழியில் சுருண்டு படுத்துவிட்டது. பியூலா திரும்பிக்கூடப் பார்க்காமல் உச்சியைத் தொட்டாள்.

நடுவர் ரூபி டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். வெள்ளைக் கையுறை போட்ட உள்ளங்கையில் பியூலாவை வாங்கிக்கொண்டார். பியூலா அங்குமிங்கும் நடந்தாள். போன இடமெல்லாம் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"நல்ல புழு, ஆர்வில். நடக்கும்போதே எழுதுது" என்றார் டீச்சர் மைக்கில்.

ஐந்தாம் வகுப்பில் அவன் காப்பியடித்துப் பிடிபட்டபோது பார்த்த அதே பார்வை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் புழுவின் முதுகைத் துடைத்தார். கறுப்பெல்லாம் பஞ்சோடு வந்துவிட்டது. உள்ளே பழுப்பு. கூட்டம் உச்சுக்கொட்டியது.

ஆர்விலுக்குக் கண் கலங்கிவிட்டது. செய்தது தப்புதான், ஆனால் இந்த மேட்டை விட்டால் தனக்கு வேறு ஒரு தொழிலும் தெரியாது, மேடு போனால் தானும் போன மாதிரிதான் என்று ஊர் முன்னால் சொல்லி அழுதான்.

டீச்சர் அதைக் காதில் வாங்கவேயில்லை. இன்னொரு பஞ்சை நனைத்து மறுபடி துடைத்தார். இப்போது பழுப்பும் பஞ்சோடு வந்தது. அதற்கும் அடியில் கறுப்பு. எத்தனை துடைத்தும் போகாத பிறவிக் கறுப்பு, பதின்மூன்று வளையமும். ஆர்வில் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் புழுவைப் பார்த்தான்.

டீச்சர் இரண்டு பஞ்சையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இது மீசை மை, உன்னோடது. சரி. இது புருவத்துக்குத் தீட்டுற மை. இது யாரோடது?"

ஊரே ஒருவர் புருவத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. முன்வரிசையில் வெல்மா மெல்ல எழுந்து நின்றாள்.

"நான்தான் டீச்சர். எனக்குக் கடல் பாக்கணும்."