ஒரு சோம் நஷ்டஈடு

"நிராகரிச்சுடுங்க அக்கா. கொஞ்சம் சீக்கிரமா நிராகரிச்சுடுங்க."

பத்தொன்பது வருஷமாக இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். விமானம் தாமதமானதற்கு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் மேஜையைத் தட்டியிருக்கிறார்கள், என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். கேட்டது கிடைக்கக் கூடாது என்று கெஞ்சிய முதல் ஆள் குபாத் என்கிற இவன்தான்.

எனக்குத் தம்பி வயதிருக்கும். வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தலையில் வைக்காமல் கையில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தான். காலடியில் பை நிறைய போர்சோக். பொரித்த மாவின் எண்ணெய் வாசனை கண்ணாடியைத் தாண்டி வந்தது.

போன வியாழக்கிழமை எங்கள் பிஷ்கெக் விமான நிலையத்தில் இறங்கிய பனிமூட்டத்தில் ஓடுபாதையே காணாமல் போய்விட்டது. காலை எட்டு மணிக்கு பாத்கெனுக்குக் கிளம்ப வேண்டிய விமானம் மதியம் இரண்டு மணிக்குத்தான் கிளம்பியது. அன்றிலிருந்து மனு மேல் மனு. எல்லோருக்கும் ஒரே பதில்தான். பனி எங்கள் கையில் இல்லை, எங்கள் கையில் இல்லாததற்கு நாங்கள் பணம் தருவதில்லை. இதை அச்சடித்து வட்ட முத்திரை குத்திக் கொடுப்பது என் பிழைப்பு.

அவனுக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுதி முத்திரை விழுகிற காகிதம் எங்கள் அலுவலகத்தில் அது ஒன்றுதான். அதை வாங்க வேண்டுமென்றால் நஷ்டஈடு கேட்டே ஆக வேண்டும்.

மனுவில் தொகைக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தான். தொகை இல்லாவிட்டால் கணினி ஏற்காது என்று திருப்பித் தள்ளினேன். ஒரு சோம் என்று எழுதினான்.

ஒரு சோமுக்கு ஒரு மிட்டாய்கூட வராது, கேட்பதுதான் கேட்கிறாய், ஓர் ஆட்டின் விலையாவது கேளேன் என்று சீண்டிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. திரும்பி அறிவிப்புப் பலகையைப் பார்த்தான். இன்றைய பாத்கென் விமானத்துக்குப் பதிவு மூட இருபது நிமிஷம் இருந்தது.

அவ்வளவு அவசரமென்றால் போய்விட்டு வந்து வாங்கிக்கொள்ளலாமே என்றேன்.

முடியாதாம். இன்று அவன் அப்பாவுக்கு ஏழாம் நாள். போன வியாழக்கிழமை நண்பகலில் அடக்கம். இவன் போய்ச் சேரவில்லை. பனியில் மாட்டிக்கொண்டேன் என்று போனில் சொன்னதை அண்ணன் நம்பவில்லை. அந்த அண்ணன் மாவட்ட அலுவலகத்தில் குமாஸ்தாவாம். பெற்ற பிள்ளையையே பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத்தான் கொஞ்சுவான் போலிருக்கிறது.

"காகிதம் இல்லாம வந்து வாசல்ல நின்னு அழுதேன்னா, பதிலுக்கு அழ ஒருத்தனும் வரமாட்டான்னு சொல்லிட்டாரு அக்கா."

எங்களில் ஆண்பிள்ளை துக்க வீட்டுக்குள் வாயை மூடிக்கொண்டு நுழைய முடியாது. தூரத்திலிருந்தே அப்பா என்று ஓலமிட்டபடி வர வேண்டும். வீட்டு முன்னால் கம்பை ஊன்றி நிற்கும் உடன்பிறந்தவர்கள் பதிலுக்கு ஓலமிட வேண்டும். அந்தப் பதில் வரவில்லையென்றால் அவன் அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை.

வேகமாகத் தட்டச்சு செய்தேன். மதியம் விமானம் கிளம்பியதே, அதில் ஏன் ஏறவில்லை என்று மட்டும் கேட்டேன். அதற்குள் மண் தள்ளியிருப்பார்கள், எந்த முகத்தோடு போவது என்றான். விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து இங்கே தவம் கிடந்ததாகவும் சொன்னான். சொல்லும்போது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தான்.

டிக்கெட் எண்ணைப் போட்டதும் மற்ற கட்டங்களைக் கணினியே நிரப்பிவிட்டது. அச்சாகி வந்த தாளை வழக்கம்போல வரி வரியாகப் படித்தேன்.

மதியம்வரை தாமதம் என்று அறிவித்த நேரம், காலை 6.50.

டிக்கெட் வாங்கிய நேரம், காலை 7.25.

மறுபடி படித்தேன். ஐந்து மணிக்கு வந்தவன் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் டிக்கெட் வாங்காமலே நின்றிருக்கிறான். இனி அந்த விமானம் அடக்கத்துக்குப் போய்ச் சேராது என்று தெரிந்த பிறகுதான் வாங்கியிருக்கிறான்.

தலை நிமிர்ந்தேன். நான் எதைப் பார்த்தேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றது.

"பதினோரு வருஷமா அவர்கிட்ட நான் பேசல அக்கா."

பலகையில் பாத்கென் வரி சிவப்பாக மினுக்கத் தொடங்கியது.

குமாஸ்தா அண்ணன் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் படிப்பான். எனக்குத் தெரியும். நானும் அந்த ரகம்தான்.

முத்திரை விழ வேண்டிய இடம் தாளின் கீழ் மூலை. இத்தனை வருஷத்தில் வேறெங்கும் நான் குத்தியதில்லை.

மையில் நன்றாக அழுத்தி எடுத்து, 7.25 மேலேயே குத்தினேன். எண்கள் லேசாகத் தெரிந்தன. அதன் மேல் இன்னொன்று குத்தினேன். இப்போது நீல வட்டம் மட்டும்தான் இருந்தது.

ஓடு என்றேன். தாளைப் பல்லில் கடித்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நன்றிகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் சங்கடமாக இருந்திருக்கும்.

அடுத்த ஆள் வந்து மேஜையைத் தட்டினார். பனி எங்கள் கையில் இல்லை என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன்.

என் அம்மாவை ஓஷ் நகரில் அடக்கம் செய்த அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஓஷ் விமானம் மூன்றும் சரியான நேரத்துக்குக் கிளம்பின.

மூன்றையும் இதே ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.