இறுக்கும் தொப்பி

பழைய கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிட்டால், வெட்டிய இடத்தில் நூல் பிரியாது. அப்படிச் சுருக்கியதன் கை நுனியை வெட்டி அம்மா பொம்மைக்குத் தொப்பி ஒன்று தைத்தாள். காய்ச்சலில் கிடக்கும் மகள் அந்த ஆசையிலாவது சாப்பிடட்டும் என்றுதான். வீட்டில் இருந்த கைக்குழந்தைக்கும் காய்ச்சல் தொற்றிவிடக் கூடாது என்பதால், எதையும் அறை வாசலில் வைப்பதோடு சரி.

மறுநாள் தட்டு காலியாக இருந்ததில் அவளுக்கு நிம்மதி. பக்கத்திலேயே தொப்பியும் கிடந்தது.

"பொம்மைக்கு இறுக்குதும்மா" என்றாள் மகள் உள்ளிருந்து.

"அளந்துதானேடி தச்சேன்? உங்கப்பா மாதிரியே உன் பொம்மைக்கும் எதுவும் பிடிக்காது."

துணி மறுபடி சுருங்கியிருக்கும் என்று நினைத்து, ஸ்வெட்டரின் தோள்பக்கத்தை வெட்டிப் பெரிதாக இன்னொன்று தைத்தாள். அதுவும் திரும்பி வந்தது.

"பொம்மை எங்கேயாவது வளருமாடி?"

"சாப்பிட்டா வளரலாம்னு நீதானேம்மா சொன்னே? அதான் எல்லாத்தையும் அதுக்கே ஊட்டிடறேன்."

அம்மா அளவு நாடாவும் கையுமாக உள்ளே ஓடினாள். மகளின் தலையணையில், மகளின் தலை அளவுக்கே பொம்மையின் தலை. மகளைக் காணோம்.

"எங்கடி இருக்கே?"

பொம்மையின் கைக்கடியில் போர்வை லேசாக அசைந்தது.

"முதல்ல தச்ச தொப்பியைத் தூக்கிப் போட்டுடாதேம்மா. இப்ப அது எனக்குச் சரியா இருக்கும்."