புதுச் செருப்பின் சத்தம்

மைசூர் அக்கிரகாரத்து வீட்டில், அளசிங்கரின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார் டாக்டர் நரசிம்மமூர்த்தி. "இதயத்தைச் சுற்றிய உறை உரசுகிறது. புதுச் செருப்பு கிரீச்சிடுகிற மாதிரி சத்தம்," என்றார்.

"ஜயா, நம்மாத்துல செருப்பு வாசலோட நின்னுடும். என் நெஞ்சுக்குள்ள எவன் போட்டுண்டு வந்தான்?" என்று மனைவியைச் சிரிக்க வைத்தார் அளசிங்கர்.

உறைக்குள் கோத்திருந்த நீரை ஊசி குத்தி எடுத்தபோது அதில் ரத்தம் கலந்திருந்தது. உறையிலேயே புற்று, மிக அபூர்வம் என்று பெங்களூர்ப் பரிசோதனையில் தெரிந்தது. அதன்பின் ஜயம்மா தினமும் கணவர் மார்பில் காதை வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஒரு மத்தியானம் அது கேட்கவில்லை.

டாக்டரின் ஜட்கா வந்து நின்றதும் வாசலுக்கே ஓடினாள். "சத்தம் நின்னுபோச்சு, டாக்டர்! குணமாறதா?"

அவர் உள்ளே வந்து குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். முகம் வாடிவிட்டது. "நீர் மறுபடி கோத்துக்கொண்டதம்மா. அதனால்தான் உறை உரசவில்லை. உடனே எடுக்கணும்," என்று ஊசியைத் தேடினார்.

அப்போது கட்டிலடியில் புதுச் செருப்பு கிரீச்சிட்டது. அங்கிருந்த எல்லாருமே வெறுங்காலோடுதான் இருந்தார்கள். சத்தம் நிதானமாகக் கூடத்தைக் கடந்து ரேழிக்குப் போயிற்று. டாக்டர் ஊசியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்.

"ஜயா, கதவைச் சாத்து, அது போயிடப் போறது," என்றார் அளசிங்கர்.

அவள் ஓடிப்போய்த் தாழ் போட்டாள். அதற்குள் அந்தச் செருப்புச் சத்தம் படியிறங்கித் தெருவில் போய்க்கொண்டிருந்தது.