கறுப்பி எழுதிய பதிவு

“பூனையா, நானா? ஒண்ண முடிவு பண்ணு!” என்று பெரிய சூரனாட்டம் கேட்டுவிட்டான் அஜந்தன். மனைவி சிவசக்தி பதிலே சொல்லாமல், பூனைக் கூடையைத் தூக்கிக்கொண்டு மடுல்சீமையிலுள்ள தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போனையும் எடுக்கவில்லை.

ஆனால் முகநூலில் பூனைக் குழுவைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. அங்கே எல்லோரும் பூனையே பேசுவதுபோல எழுதுவார்கள்; பூனை கால் மடக்கி உட்கார்ந்தால், முழு ரொட்டி மாதிரி இருக்கிறதென்று ‘பாண்’ என்பார்கள். வீட்டுப் பூனை கறுப்பி அப்படிப் பாணாகியிருந்த பழைய படமொன்றைப் போட்டு அஜந்தன் எழுதினான்:

“அம்மா, நான் கறுப்பி. நீங்க போனதிலேர்ந்து சோறு எறங்கல. எப்ப வருவீங்க?”

“ஐயோ செல்லம்!” என்று குழுவே உருகியது.

போன் அடித்தது. சிவசக்திதான்.

“கறுப்பி இங்க என் மடியில கெடக்கா. சோறு எறங்காதது யாருக்கு?”

“எனக்குத்தான்.”



“அன்னைக்குக் கேட்டீங்கள்ல? எனக்கு ரெண்டு பேரும் வேணும். வந்து கூட்டிட்டுப் போங்க.”