சுவரில் மாட்டிய கைத்தடி

கிரேக்கத்தின் அந்தக் கடலோர ஊரில், வெந்நீர் ஊற்றில் குளித்துக் கால் குணமானவர்கள் தங்கள் கைத்தடியைக் குளியல்கூடச் சுவரில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம்.

“கால் சரியாயிட்டா உங்கள விட்டுட்டு ஓடிருவேன், பாத்துக்குங்க” என்று சிரித்துவிட்டு, கைத்தடியை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து உள்ளே போனாள் தையல்நாயகி. அவள் செருப்புகளோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் அறவாழி.

இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தார். பணிப்பெண் தையல்நாயகியின் தடியைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“என் மனைவி எங்கே?”

“குணமாகிப் போய்விட்டார்.”

“வாசலில் நான்தானே இருந்தேன்!”

அவள் பின்பக்கம் கை காட்டினாள். கடலுக்குள் இறங்கும் கற்படிகளில் ஈரக் காலடிகள். ஒன்றுகூட இழுபடாமல், தண்ணீர்வரை போயிருந்தன.

அறவாழி செருப்புகளைக் கடைசிப் படியில், முனைகள் கரையைப் பார்க்கும்படி வைத்தார்.