ரப்பியைப் பத்தி ரெண்டு வார்த்தை

"ஆமா தலைவரே, நான்தான் சொன்னேன். அதுக்கு எதுக்கு மேஜையைத் தட்டுறீங்க? காபி கொட்டுது பாருங்க."

"அவிவா, உக்காருடி!" பின்னாலிருந்து அம்மா என் ஸ்வெட்டரைப் பிடிச்சு இழுத்தாங்க.

"விடும்மா. என்னை விசாரிக்கத்தானே சபையையே கூட்டியிருக்காரு? நான் பேசாம வேற யாரு பேசுறது? தலைவரே, நான் காலேஜ்ல சட்டம் படிக்கிறேன். உங்க கெட்ட நேரம்."

முன் வரிசையில யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க.

"நம்ம குரு ரப்பி லைப்மனைப் பத்தி வெல்டன் ஊர் சபைக்காரங்ககிட்ட புறம் பேசினேன், பொறாமையில பேசினேன். இதானே உங்க குற்றச்சாட்டு? பொறாமைதான்! யாரு இல்லேன்னா?

அவங்க ரப்பி ரிட்டயராகி ஃப்ளோரிடா போயிட்டாரு. புது ரப்பி தேடுறாங்க. தேடட்டும். நாட்டுல ரப்பிக்கா பஞ்சம்? நம்மாளுதான் கண்ணுல படணுமா? அவங்களும் நம்மளை மாதிரி சின்ன சபைதான். ஆனா அவங்களுக்கு ஏரி இருக்கு. ஒழுகாத கூரை இருக்கு. சமையல்கட்டுல நம்ம யூத முறைப்படி கறிக்கு ஒரு அடுப்பு, பாலுக்கு ஒரு அடுப்பு. நமக்கு என்ன இருக்கு? ரப்பி இருக்காரு. அவரையும் தூக்கிட்டுப் போனா, இந்த ஊர்ல மூடின சுரங்கத்தை வேடிக்கை பார்க்கவா இன்னொரு ரப்பி வருவாரு? அடுத்த வருஷம் நம்ம ஜெப ஆலயத்துக் கதவுல பூட்டுதான் தொங்கும். நினைச்சாலே வயிறு எரியுது எனக்கு.

செவ்வாய்க்கிழமை நம்ம சபை ஆபீஸ்ல நான் இருந்தப்ப போன் அடிச்சுது. எடுத்தேன். 'வெல்டன்ல ரப்பி தேடுற கமிட்டி, ஃப்ரீடா பேசுறேன்'னு ஒரு அம்மா. குரல்ல வெண்ணெய் வழியுது. 'ரப்பி லைப்மன் எப்படிம்மா பேசுவாரு?'ன்னாங்க.

'பேச ஆரம்பிச்சா முடிக்கத் தெரியாது'ன்னேன்."

"அது நிஜந்தானே!" மிசஸ் பெஷ்கின் கையைத் தூக்கினாங்க. "நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் அதே வரியிலதான் நிப்பாரு."

ஹாலே சிரிச்சுது. தலைவர் மட்டும் சிரிக்கல.

"கேட்டுக்குங்க. 'பண்டிகைக்கு ஆட்டுக் கொம்பு நல்லா ஊதுவாரா?'ன்னாங்க. 'அவரு ஊதுறதைக் கேட்டா கொம்பு கொடுத்த ஆடே அழும்'னேன். 'போன் பண்ணினா எடுப்பாரா?'ன்னாங்க. 'எடுக்கவே மாட்டாரு'ன்னேன்.

ஏன்னு சொல்லல. ஆஸ்பத்திரியில யாரு கட்டில் பக்கத்துல உக்காந்தாலும் போனை அணைச்சுட்டுத்தான் உக்காருவாருன்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே சாமான் ஏத்த லாரி அனுப்பியிருப்பாங்க!

'வேற ஏதாவது கெட்ட பழக்கம்?'னாங்க. 'வீட்டுக்கு வந்தா பானை காலியாகாம எழுந்திருக்க மாட்டாரு'ன்னேன்."

"என் வீட்டுலதான் அது." மிசஸ் பெஷ்கின் குரல் இறங்கிப்போச்சு. "என் வீட்டுக்காரர் செத்தும் எனக்கு ரெண்டு பேருக்குச் சமைச்சுத்தான் பழக்கம். மிச்சத்தைப் பார்த்தா அழுவேன்னு அந்த மனுஷன் மிச்சமே வைக்க மாட்டேங்கிறாரு."

"கேட்டீங்களா தலைவரே? ஒரு பொய் சொன்னேனா? காரணத்தைத்தான் சொல்லல. அது பாவம்னா, யோம் கிப்பூர் அன்னைக்கு எல்லாரும் பாவ மன்னிப்பு கேட்டு நெஞ்சுல அடிச்சுக்கும்போது நான் ரெண்டு அடி கூடவே அடிச்சுக்கிறேன்.

ஆனா பொறாமைங்கிற வார்த்தையை நீங்க எடுத்தீங்க பாருங்க, அதான் எனக்குத் தாங்கல. போன யோம் கிப்பூர்ல நடந்ததை நான் சொல்லட்டுமா? அன்னைக்கு சபை முன்னாடி யோனா கதை படிக்கிற மரியாதை உங்க அப்பா காலத்துலேர்ந்து உங்க வீட்டுக்குத்தான். ரப்பி அதைத் தூக்கி டாக்ஸி ஓட்டுற யெஃபிம்கிட்ட கொடுத்தாரு. திக்கித் திக்கிப் படிச்சாலும் அந்த மனுஷன் கண்ணுல தண்ணி. நீங்க? மீன் வாய்லேர்ந்து யோனா வெளிய வர்றதுக்குள்ள கோட்டை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டீங்க!"

"அவிவா, போதும்!" இது அம்மா.

"இரும்மா, இன்னும் இருக்கு. நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு அந்த ஃப்ரீடா அம்மா குழம்பிப்போயிட்டாங்க. 'என்னம்மா இது? உங்க சபையிலேர்ந்து இன்னொருத்தர் போன வாரம் தானாவே போன் பண்ணினாரே, அவரு நேர்மாறால்ல சொன்னாரு?'ன்னாங்க.

'யாரு? என்ன சொன்னாரு?'ன்னேன்.

'தேன் மாதிரி பேசுவாரு, குயில் மாதிரி பாடுவாரு, ஒரு குறைகூட இல்லேன்னாரு. யோசிச்சுக்கிட்டே நிக்காதீங்க, பஸ்கா பண்டிகைக்குள்ள கூட்டிட்டுப் போயிடுங்கன்னாரு. உங்க ரப்பியைப் பத்தி நாங்க கேள்விப்பட்டதே அவரு சொல்லித்தாம்மா!'"

மிசஸ் பெஷ்கின் மெதுவா தலைவர் பக்கம் திரும்பினாங்க. அப்புறம் யெஃபிம். அப்புறம் எங்கம்மா.

"போன் பண்ணினவரு பேரையும் அந்த அம்மா சொன்னாங்க. நான் சொல்ல மாட்டேன். நம்ம ரப்பியைக் குறை சொன்னது நான்தான், எழுந்து நின்னு ஒத்துக்கிட்டேன். தலைவரே, உக்காந்தே இருக்கீங்களே, எழுந்திரிங்க. அவரை வாயாரப் புகழ்ந்தது யாரு? இத்தனை பேர் முன்னாடி, இப்பவே சொல்லுங்க!"